செல்போன் நிறையப் பயிற்சித்தாள்; வகுப்புக்கு எது?

ஆசிரியர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லும் இப்பகுதிக்கு இம்முறை சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன. கற்பித்தலுக்கான துணைப்பொருள்களை எங்கே தேடுவது, கிடைத்தவற்றுள் எது தேறும் என்று எப்படி முடிவு செய்வது என்பதே அந்தப் பொருள். எனவே வழக்கமான கலவையைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விலக்கி, ஊரை மட்டும் தந்துள்ளேன்.

முதல் கடிதம்: ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு மலைக் கிராமத்தில், ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் பணிபுரிகிறேன். மாலையில் சேலத்துக்கு இறங்கும் பேருந்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள் சிக்னல் வந்து வந்து போகும் நேரத்தில்தான் மறுநாளுக்கான பயிற்சித்தாளைத் தேடுகிறேன். ‘கழித்தல்’ என்று போட்டால் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பார்க்க அழகாக இருப்பதை எடுத்துப்போகிறேன். பிள்ளைகள் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறார்கள், கழித்தல்தான் வந்தபாடில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

அம்மா, ‘கழித்தல்’ என்பது பாடத் தலைப்பு. அது உங்கள் தேவை அன்று. உங்கள் தேவை என்னவென்று பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் சொல்லும். 52-இலிருந்து 18-ஐக் கழிக்கச் சொன்னால் எத்தனை பேர் 46 என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படி எழுதிய குழந்தை கவனக்குறைவாக இருந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் ஒழுங்கைப் பின்பற்றியிருக்கிறது: ஒன்றின் இடத்திலும் பத்தின் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. எட்டிலிருந்து இரண்டு போக ஆறு, ஐந்திலிருந்து ஒன்று போக நான்கு. இந்தக் குழந்தைக்குத் தேவையானது ‘கழித்தல் பயிற்சித்தாள்’ அன்று. பத்தைப் பிரித்து ஒன்றுகளாக மாற்றும் வேலையைக் கையால் செய்ய வைக்கும் ஒரு பொருள். ஆகவே தேடுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: ‘பாடவேளை முடியும்போது, ஒரு பத்துக் கட்டை ஏன் பிரிக்கிறோம் என்று பிள்ளை சொல்ல வேண்டும்.’ இந்த வரி கையில் இருந்தால் நூற்றில் தொண்ணூறு தாள்கள் தாமாகவே விலகிவிடும்.

மிஞ்சுகிற பத்தில் எது என்பதற்கு நான் அறிந்த சோதனை ஒன்றுதான். பென்சிலை எடுத்து, அந்தத் தாளை நீங்களே முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை செய்து பாருங்கள். கண்ணால் மேய்வது போதாது. அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் ஆசிரியர்களுக்கு இரண்டு கழித்தல் தாள்களைக் கொடுத்தேன். முதல் தாளில் சுற்றிலும் மாம்பழப் படங்கள், நடுவில் இருபது கணக்குகள். இரண்டாவது தாள் வெறும் கறுப்பு வெள்ளை. அதில் ஐந்து கணக்குகள் மட்டுமே. பார்த்தவுடன் கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் முதல் தாளைத்தான் தேர்ந்தார்கள். செய்து முடித்த பிறகு கேட்டபோது நிலைமை மாறியது. இருபது கணக்குகளில் பதின்மூன்று, பத்தைப் பிரிக்கத் தேவையே இல்லாத வகை; தவறான ஒழுங்கைப் பின்பற்றும் குழந்தைகூட அவற்றில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். இரண்டாவது தாளின் ஐந்து கணக்குகளில் ஒன்று, ஏற்கெனவே தவறாகச் செய்யப்பட்ட கணக்கு. 60-இலிருந்து 24-ஐக் கழித்து 44 என்று யாரோ எழுதியிருப்பதாகக் காட்டி, ‘இவர் எந்த இடத்தில் வழுக்கினார்?’ என்று கேட்டிருந்தது. அந்த ஒரு கேள்வியின் முன் பிள்ளைகள் எவ்வளவு நேரம் நிற்பார்கள், என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கே தேடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். வெளியே போவதற்கு முன் கையில் இருப்பதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆசிரியர் கையேடும், அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்த பயிற்சி நூல்களும், உங்களைப்போல் பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்துபவர்களை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. அடுத்து, 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தது முதல் பக்கங்களில் அச்சிடப்பட்டுவரும் க்யூ.ஆர். குறியீடுகள், 2017-இல் தொடங்கப்பட்ட தேசிய மின்பாடத் தளமான திக்‌ஷா, 2023-இல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட மணற்கேணி செயலி. இவற்றிலும் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் பாடத்திட்டத்துக்கு உரியதா என்ற முதல் கேள்வியை இங்கே மறுபடி கேட்க வேண்டியதில்லை. அந்த அளவுக்கு வேலை மிச்சம். கழித்தலைப் பொறுத்தவரை, கவாத்து செய்த காப்பிக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துக்கொண்டீர்கள் என்றால், பேருந்தில் சிக்னலுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

தமிழில் தேடினால் நல்லவை கண்ணில் படுவதில்லை. ஆனால் சக ஆசிரியர்களிடம் அருமையான வினாத்தாள்களும் தொகுப்புகளும் இருக்கின்றன. ஏன் இப்படி? – ஓமலூர்

அவற்றில் பல, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் உள்ளுக்குள் ஏதோ ஓர் ஆங்கிலக் குறியாகத்தான் பதிவாகியிருக்கும். ஆகவே இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் நீங்கள் ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. இன்னும் பல வெறும் ஒளிப்படங்களாகக் கிடக்கின்றன. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் உங்கள் குறுவள மையத்தில் இளைய ஆசிரியர் ஒருவர் எழுத்துரு மாற்றியைக் கொண்டு நல்ல தொகுப்புகளை யுனிகோடுக்கு மாற்றி, கோப்பின் பெயரிலேயே வகுப்பு, பாடம், கற்றல் விளைவு மூன்றையும் எழுதிவைத்தால் போதும். ‘புதியது 2 இறுதி’ என்ற பெயரில் எத்தனை கோப்புகள் என் கணினியில் இருக்கின்றன என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் சேலம் நகரில் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர். ‘நம் மாவட்டத்தின் கனிமங்கள்’ என்ற அழகான தகவல் தாள் ஒன்று ஆசிரியர் குழுவில் வந்தது. ‘சேலத்தில் கிடைக்கும் மாக்னசைட் என்னும் இரும்புத் தாது காந்தத்தால் ஈர்க்கப்படும்’ என்று அதில் இருந்ததை நான் கவனிக்காமல் வகுப்பில் கொடுத்துவிட்டேன். ஒரு மாணவி வெள்ளைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து, காந்தம் ஒட்டவில்லையே என்று கேட்டாள். இத்தகைய பிழைகளை முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? – சேலம்

அந்த மாணவிக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்த தாளை எழுதியவர் இரண்டு கனிமங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். இரண்டுமே சேலத்தைச் சேர்ந்தவை என்பதுதான் வேடிக்கை. மாக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட். ஏற்காட்டு மலை அடிவாரத்தை ஒட்டிய கரடுகளில் வெட்டப்படும் வெள்ளைக் கல் அது. ஆங்கிலேயர்கள் அதைச் சுண்ணாம்பு என்று எண்ணி அக்கரடுகளுக்கே சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு எஞ்சும். உலைகளின் உட்புறம் பதிக்கும் வெப்பம் தாங்கும் செங்கல்லுக்கு அதுவே மூலப்பொருள். மாக்னடைட் என்பது இரும்பின் ஆக்சைடு. கறுப்பு நிறம், காந்தத்தோடு ஒட்டும். நகருக்கு மேற்கே உள்ள கஞ்சமலையின் இரும்புத் தாது அதுதான். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் மலை மாறி, நிறம் மாறி, வேதியியலே மாறிவிட்டது.

இத்தகைய பிழைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு தாளில் பிழை இருக்கிறதா என்று பொதுவாகத் தேடினால் கிடைக்காது. அந்தத் தாள் தன் எடையை எந்த வாக்கியத்தின்மீது வைத்திருக்கிறதோ, அதாவது எந்த வாக்கியம் தவறானால் தாளே பயனற்றதாகிவிடுமோ, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து இரண்டு இடங்களில் சரிபாருங்கள். ஓர் இடம் பாடநூல். மற்றோர் இடம், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டிராத வேறொரு மூலமாக இருக்க வேண்டும். ஒரே தவறு பத்து இடங்களில் இருப்பது பத்துச் சான்று ஆகாது. பெரும்பாலும் அது ஒரே தாளின் பத்துப் பிரதிகள். முடியும் இடங்களில் மூன்றாவது சோதனையை உங்கள் மாணவி செய்ததுபோல் கையாலேயே செய்துவிடலாம்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். தாள் தவறாக இல்லாமலேயே உங்கள் வகுப்புக்குத் தவறாகிவிடும் சந்தர்ப்பம் உண்டு. ‘நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்’ என்பது கடல் மட்டத்தின் காற்றழுத்தத்தில் உண்மை. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறைவதால், 1,500 மீட்டர் அளவில் இருக்கும் ஏற்காட்டின் உயரமான பகுதிகளில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். மலைப்பள்ளி ஒன்றில் ஒரு குழு நேர்மையாக அளந்து 95 என்று எழுத, விடைக்குறிப்பைக் கையில் வைத்திருந்த ஆசிரியர் அதை அடித்து 100 என்று திருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘கடல் மட்டத்தில்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘நம் ஊரில் எவ்வளவு? ஏன்?’ என்று ஒரு கேள்வியைக் கூட்டினால், சாதாரணத் தாள் ஒன்று நல்ல பாடமாகிவிடும். மலைமேல் பருப்பு வேக ஏன் அதிக நேரம் ஆகிறது என்பதை வீட்டிலிருந்தே பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.

காணொளிகளை எப்படி மதிப்பிடுவது? பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பதையே நல்லது என்று கொள்ளலாமா? – ஆத்தூர்

கொள்ளக் கூடாது, விரும்பாததைக் காட்டுவதிலும் பயன் இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்னும் உளவியலாளர் பல்லாண்டுகளாக நடத்திய ஆய்வுகளிலிருந்து நமக்கு உதவக்கூடிய இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். பாடத்துக்குத் தொடர்பில்லாத இசையும், துள்ளும் பொம்மைகளும், சுவைக்காகச் சேர்த்த துணுக்குகளும் கற்றலைக் கூட்டுவதில்லை; பல நேரங்களில் குறைக்கின்றன. அடுத்தது, ஒருவர் பேசும் சொற்களையே அப்படியே திரையிலும் எழுத்தாக ஓடவிட்டால், கண் படத்தைப் பார்ப்பதா எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறுகிறது. மொழியே புதிதாக இருக்கும் ஆங்கிலப் பாடம் போன்ற இடங்களில் எழுத்து துணை செய்யும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்முறையாக ஒன்று சொல்கிறேன். காணொளியை ஒருமுறை ஒலி இல்லாமல் பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். ஒலியை மட்டும் கேட்டே எல்லாம் விளங்கிவிட்டால், படங்கள் அலங்காரமாகத்தான் இருக்கின்றன. அந்தப் பாடத்தை நீங்களே உங்கள் குரலில் சொல்லிவிடலாம். இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது, கடற்கரையில் அலை எப்படி உடைகிறது என்பன போன்று, சொல்லால் காட்ட முடியாத அசைவு இருக்கும் இடத்தில்தான் காணொளி தன் நேரத்துக்கு ஈடு தருகிறது. மேலும், எந்த நொடியில் நிறுத்தி என்ன கேட்கப்போகிறீர்கள் என்று முன்பே குறித்துக்கொள்ளாமல் காணொளியை ஓடவிடாதீர்கள். மின்சுற்று, அழுத்தம், பின்னம் முதலியவற்றுக்குக் காணொளியைவிட, பிள்ளையே திரையில் நகர்த்திப் பார்க்கும் உருவகப்படுத்தல்கள் மேல். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் தளத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. சில தமிழிலும் உண்டு. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

பள்ளி மானியத்தில் முதல் வகுப்புக்கு எழுத்து அட்டைகளும் சுவர்ப்படங்களும் வாங்க வேண்டும். கடையில் எதைப் பார்த்து வாங்குவது? – வாழப்பாடி

கடையின் நடுவில் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கு எழுத்து தெரியுமா என்பது அப்போது தெரிந்துவிடும். பிறகு அருகில் சென்று ர, ற; ல, ள, ழ; ன, ண ஆகியவை வரும் சொற்களை மட்டும் படியுங்கள். பிழை இருந்தால் அங்கேதான் இருக்கும். ஒரு எழுத்துக்குக் கொடுத்த படத்தைப் பார்த்து, உங்கள் ஊர்க் குழந்தை என்ன பெயர் சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். ‘அ’ வுக்கு அணில் வரைந்திருந்தால் கவலையில்லை. ‘ஓ’ வுக்கு ஓடத்தை வரைந்துவிட்டு, குழந்தை அதைப் ‘படகு’ என்று படித்தால் அந்த அட்டை எதிர்வேலை செய்கிறது. ஆய்த எழுத்துக்கு எஃகைத் தவிர வேறு சொல் நம்மிடம் அதிகம் இல்லை. பாவம், பல சுவர்ப்படங்களில் அதற்கு ஏதோ ஒரு வாளை வரைந்திருப்பார்கள். எஃகு ஆலை இருக்கும் மாவட்டத்தில், வீட்டுச் சோற்றுத் தட்டையே காட்டி ‘இது எஃகு’ என்று சொல்லும் வசதி உங்களுக்கு இருக்கிறது.

மானியம் முழுவதையும் அச்சிட்ட பொருளுக்கே செலவிட வேண்டாம். எறியும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் காட்டும் அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் பொம்மைகளின் செய்முறைகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அவருடைய பொருள்களுக்கு ஆகும் செலவோ பெரும்பாலும் ஒரு உறிஞ்சுகுழலும் ஒரு சைக்கிள் வால்வு ரப்பரும்தான்.

எங்கள் பள்ளியில் படிப்பவர்கள் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கடல், மெட்ரோ ரயில், பீட்சா என்று அவர்கள் பார்த்திராதவையே பயிற்சித்தாள்களில் வருகின்றன. அவற்றையெல்லாம் நீக்கி உள்ளூர்ப் பொருள்களைப் போட்டு நானே மாற்றி எழுதுகிறேன். பின்னப் பாடத்தில் பீட்சாவுக்குப் பதில் ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளைகளை வைத்தேன். இப்படிச் செய்வது சரியா? பிறர் எழுதியதை மாற்ற உரிமை உண்டா? – சேர்வராயன் மலை

ஐயா, உங்கள் நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் ஆரஞ்சில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னத்துக்கு முதல் தேவை, பங்குகள் சமமாக இருப்பது. ஆரஞ்சின் சுளைகள் சமமாக இருப்பதில்லை. பழத்துக்குப் பழம் எண்ணிக்கையும் மாறும். ஒரு பழத்தில் பத்துச் சுளை, அடுத்ததில் பதினொன்று என்றால், ‘ஒரு சுளை என்பது எத்தனையில் ஒன்று?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு விடை சொல்லும். அதைத்தான் நீங்கள் கற்பிக்க விரும்பினீர்கள் என்றால் அது வேறு பாடம். அரை, கால், அரைக்கால் என்று தொடங்குவதற்கு மடித்த காகிதமோ, கோடு போட்டு உடைக்கும் கடலை மிட்டாய்ப் பாளமோ பொருத்தமானது. உள்ளூர்ப் பொருள் என்பதனாலேயே அது நல்ல துணைப்பொருள் ஆகிவிடாது. அது கற்பிக்க வேண்டிய கருத்தைத் தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் உள்ளூராக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. கடலைப் பார்த்திராத பிள்ளைக்குக் கடலைப் பற்றிய கதை கிடைக்கத்தான் வேண்டும். மிளகும் காப்பியும் அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே இருக்கின்றன. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: தெரியாத பொருளே பாடமாக இருக்கும்போது அது வரட்டும், வேறொன்றைக் கற்பிக்கும் கருவியாக அது வரும்போது மாற்றுங்கள். மெட்ரோ ரயிலைப் பற்றிய பத்தி இருக்கலாம். மெட்ரோ ரயில் கட்டணத்தை வைத்துப் பெருக்கல் கற்பிப்பதற்கு, சேலம் பேருந்துக் கட்டணமே நன்றாகப் பயன்படும்.

உரிமை பற்றி: 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. பாடப்பகுதிகளை ஒளிநகல் எடுத்துத் தந்ததற்காகப் பதிப்பகங்கள் தொடுத்த தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் 2016-இல் தில்லி உயர் நீதிமன்றமும் இந்தப் பிரிவை விரிந்த பொருளிலேயே படித்தது. ஆனால் வகுப்பறைக்குள் பயன்படுத்துவது வேறு. மாற்றி எழுதிய நூலை அச்சிட்டு விற்பதோ பொதுவெளியில் உங்கள் பெயரில் போடுவதோ வேறு. அச்சம் இல்லாமல் மாற்றிப் பகிர வேண்டும் என்றால் திறந்த உரிமத்தில் வெளியானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகள், மூலத்தை எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் மாற்றவும் அனுமதிப்பவை. தமிழில் நிறைய இருக்கின்றன, நான்கு வாசிப்பு நிலைகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நம் அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்க நூல்களும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்தவையே. அட்டையில் போட்ட நிலையை மட்டும் நம்பாமல், ஒரு பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லித் தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலை நீங்கள் படித்துக் காட்டுங்கள். பிள்ளை தனியே படிக்க வேறொன்றைக் கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பயிற்சித்தாள் தயார் செய்து கொடுத்துவிடுகிறது. இதைப் பயன்படுத்தலாமா? – மேட்டூர்

வரைவாகப் பயன்படுத்தலாம். உங்கள் ஊரைப் பற்றியே ஒரு தாளைச் செய்து தரச் சொல்லிப் பார்த்தேன். ‘மேட்டூர் அணையின் உயரம் என்ன?’ என்று கேள்வி போட்டு, 120 அடி என்று விடையும் கொடுத்தது. 120 அடி என்பது அணையில் நீரைத் தேக்கும் முழு மட்டம். நாளிதழ்களில் தினமும் நாம் படிப்பது அந்த அளவைத்தான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக் கட்டுமானத்தின் உயரம் 214 அடி. எண் உண்மையானது, வாக்கியம் பிழையற்றது, கேள்வியும் விடையும் மட்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. அச்சில் வந்த பழைய தாள்களில் பிழை இருந்தால் எழுத்துப் பிழையும் கூடவே இருந்து நம்மை எச்சரிக்கும். இங்கே தமிழ் வழவழவென்று இருப்பதால் கண் வழுக்கிப் போய்விடுகிறது. அணைக்கு அருகில் வாழும் நீங்கள் இதை உடனே பிடித்திருப்பீர்கள். உங்களுக்கு நன்கு தெரிந்த பாடங்களில் மட்டும் அதன் உதவியைப் பெறுங்கள் என்பது இதனால்தான். தெரியாத பாடத்தில் உதவி கேட்கத்தான் மனம் தூண்டும். அங்கேதான் பிழையைக் காணவும் நம்மால் இயலாது.

நான் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை. தனி ஒருவராக இவ்வளவையும் சரிபார்க்க எங்கள் ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை. குறுவள மையக் கூட்டத்தில் சேர்ந்து செய்ய ஏதாவது முறை உண்டா? – சேலம், அம்மாப்பேட்டை

உண்டு. ஆனால் ஐந்து நட்சத்திரம், பத்து மதிப்பெண் என்று படிவம் அச்சடித்துவிடாதீர்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் எட்டு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் எட்ரிப்போர்ட்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 2015 முதல் பாடநூல் தொகுப்புகளை ஆசிரியர்களைக் கொண்டே மதிப்பிட்டு, அறிக்கைகளை யாரும் படிக்கும்படி வெளியிட்டு வருகிறது. அவர்களுடைய முழு முறையும் நமக்குப் பொருந்தாது. தொகுப்பு தொகுப்பாகப் பள்ளிகள் விலைக்கு வாங்கும் நாடு அது. ஆனால் அவர்களிடம் கடன் வாங்கத்தக்கது ஒன்று உண்டு. மதிப்பீட்டை மூன்று வாயில்களாக வைத்திருக்கிறார்கள். பாடத்தின் உள்ளடக்கம் தரநிலைக்குப் பொருந்தி நிற்கிறதா என்பது முன்வாயில்களின் கேள்வி. பயன்படுத்த வசதியாக இருக்கிறதா என்பது கடைசி வாயிலின் கேள்வி. முன்வாயில்களில் தேறாதது கடைசி வாயிலுக்குப் போகவே போகாது. அதாவது, உள்ளடக்கத்தில் தோற்றதை அழகு காப்பாற்ற முடியாது. நம் கூட்டங்களில் நடப்பது இதற்கு நேர் எதிர்: வண்ணமும் வேலைப்பாடும் முதலில் கைத்தட்டல் வாங்கிவிடுகின்றன, பிறகு உள்ளடக்கத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை.

எனவே ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுவருபவர், அதனோடு பயன்படுத்தி முடித்த பிள்ளைகளின் தாள்கள் மூன்றையும் கொண்டுவர வேண்டும்: நன்றாகச் செய்த ஒன்று, நடுத்தரமான ஒன்று, சிரமப்பட்ட ஒன்று. பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடுங்கள். முதல் கால் மணி நேரம் அந்த மூன்று தாள்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். பிள்ளை எங்கே சிந்தித்திருக்கிறது, எங்கே வெறுமனே நிரப்பியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகே பொருளைக் கையில் எடுங்கள். இப்படிச் செய்தால் தயாரித்தவரைக் குறை சொல்வதாகவும் ஆகாது. பேச்சு முழுவதும் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கும். கூட்டத்தின் முடிவில் ‘எதை மாற்றிப் பயன்படுத்தினோம்’ என்று இரண்டு வரி எழுதி அந்தக் கோப்போடு சேர்த்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுக்கும் புதிய ஆசிரியருக்கு அந்தத் தாளைவிட அந்த இரண்டு வரிதான் அதிகம் பயன்படும். உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் ஒருவரை எப்போதாவது கூட்டத்துக்கு அழைத்துக்கொள்வதும் நல்லது. வெளியிலிருந்து வரும் கண்ணுக்கு நமக்குப் பழகிப்போன பிழைகள் புலப்படும்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. சிரமப்பட்டுச் செய்த அட்டைகள் மலையில் மழைக்காலம் முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்து நெளிந்துவிடுகின்றன. லேமினேட் செய்வது பணத்துக்குத் தகுமா? – ஏற்காடு

ஆண்டுக்கு ஆண்டு மாறாத அட்டைகளுக்குத் தகும்: எண்கள், எழுத்துகள், இடமதிப்புப் பலகை, வரைபடம். அட்டையை முதலில் வெட்டிவிட்டு, பிறகு லேமினேட் செய்து, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் மிஞ்சும்படி கத்தரிக்கச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு அட்டையோடு சேர்த்து வெட்டினால் வெட்டிய விளிம்பு வழியாக ஈரம் நுழைந்து உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த வெயில் நாளில் செய்யுங்கள். தகரப் பெட்டியில் நிறுத்திவையுங்கள், சுவரோரம் அடுக்க வேண்டாம். இந்த ஆண்டுதான் முதன்முறையாக முயன்று பார்க்கும் தாள்களை வெறும் தாளாகவே விட்டுவிடுங்கள். பென்சிலால் அடித்துத் திருத்த இடம் வேண்டும்.